கடையநல்லூர் மாமியார்

“அந்த ரூமா? அங்கன ஊசியும் கெடையாது, மாத்திரையும் கெடையாது. சித்தப்பன் யாரு, பெரியாத்தா யாருன்னு உறவக் கேட்டுக்கிட்டே இருப்பாக, கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போற மாதிரி” என்று தரை துடைக்கிற பெண் லிஃப்ட்காரரிடம் சொல்லிவிட்டு வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு போனாள். லிஃப்ட்காரர் சிரித்தார். ஆவுடைக்கும் சிரிப்பு உதடுவரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. மடியிலிருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினாள், கட்டியதை மறுபடி அவிழ்த்தாள். கேட்டிருப்பாள். கேட்காத மாதிரி இருப்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. மணி பத்து நாற்பது. இவர்களுடைய டோக்கன் பதினேழு. கதவுக்கு மேலே சிவப்பில் பதிமூன்று எரிந்துகொண்டிருந்தது. ஆளுக்கு இருபது நிமிஷம் என்று வைத்தால் நாலிருபது எண்பது, பன்னிரண்டு மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள், அதற்குள் முடிவு பண்ணிவிட வேண்டும். சொல்வதா வேண்டாமா. சொல்வதென்றால் மூன்றே வார்த்தை. அப்பாவும் அம்மாவும் சொந்தம். சொந்தம் என்றால் தூரத்துச் சொந்தம் இல்லை. அம்மாவைப் பெற்ற ஆச்சியின் கடைசித் தம்பிதான் அப்பா. அம்மாவுக்குத் தாய்மாமன். ஊரில் தெருக்கோடிக் கடைக்காரரைக் கேட்டால்கூடச் சொல்லுவார். மதுரையில் இருக்கிற இந்த ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியாது. அம்மாவின் மடியில் இருக்கிற ஃபைலில், பெற்றோர் உறவுக்குள் மணம் செய்தவர்களா என்ற கேள்விக்கு எதிரே இல்லை என்று எழுதி, அடியில் ச. சண்முகத்தாய் என்று அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை மெர்லின் மேடம் போன் பண்ணியபோது ஆவுடை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மெர்லின் மேடம் மரபணு ஆலோசகர். டாக்டருக்கும் இவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் புரிகிற மாதிரி பேசுகிறவர். “ரிப்போர்ட் வந்துட்டு ஆவுடை. ஒரு சின்ன சந்தேகம். புதன்கிழமை அம்மாவையும் கூட்டிட்டு வந்துரு, என்ன? வெள்ளிக்கிழமை லிஸ்டை முடிச்சிருவாங்க.” சரி மேடம், ஆமா மேடம் என்பதைத் தாண்டிப் போனில் பேசிப் பழகாதவள், அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன சந்தேகம் மேடம் என்று கேட்டுவிட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம். தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கிற ஜீன் எல்லோருக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆவுடையின் இரண்டு பிரதியிலும் பிழை இருக்கிறது. அது முன்னமே தெரியும். ஆனால் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. “ஒரே குடும்பத்துக்குள்ள கட்டினா இப்பிடி வரும். நீங்க உறவு இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்போ ஒரு பிரதி மொத்தமா இல்லாமப் போயி, இருக்கிற ஒண்ணைத்தான் மெஷின் ரெண்டுன்னு எடுத்திருக்கணும். இல்லன்னா சாம்பிள் மாறியிருக்கணும். எதுன்னு தெரியாம, சோதனை மருந்து குடுக்கப் போற அந்தப் பன்னிரண்டு பேர்ல உன்னைச் சேக்க மாட்டாங்க. அப்பா தவறிட்டாங்கல்லா, அப்பாகூடப் பிறந்தவங்க யாராவது வந்து ரத்தம் குடுத்தாப் போதும்.” அப்பாவோடு பிறந்து இன்றைக்கு உயிரோடு இருப்பது ஆச்சி மட்டும். ஆச்சி ரத்தம் கொடுப்பாள், அதெல்லாம் பயப்பட மாட்டாள். ஆனால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தி, இவர்தான் அப்பாவின் அக்கா, இவரேதான் அம்மாவைப் பெற்றவர் என்று யார் சொல்வது. சிவப்பு எழுத்து பதினான்குக்கு மாறியது. ஒருவர் உள்ளே போய்ப் பன்னிரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கணக்கு தப்பாகப் போகிறது.

இந்த நாற்காலி தாழ்வு. உட்காரும்போதே ஆவுடைக்குத் தெரிந்துவிட்டது, வீட்டு நாற்காலியைவிட இரண்டு விரல் தாழ்வு. வீட்டு நாற்காலியின் நாலு காலுக்கும் அம்மா பலகைத் துண்டு வைத்து உயர்த்தியிருக்கிறாள். டோக்கன் கூப்பிட்டதும் எழுந்திருக்க வேண்டும், எதிர் வரிசையில் ஒன்பது பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், சும்மா இருக்கிறவர்களின் கண் எதையாவது பிடித்துக்கொள்ளும். முதலில் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்களை அகட்டி வைக்க வேண்டும். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, பிறகு கொஞ்சம் மேலே தொடையில் ஊன்றி, அதற்கும் மேலே, தன் உடம்பையே ஏணியாக்கித் தானே ஏற வேண்டும். கல்லூரியில் இதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் போன பிறகு எழுந்திருப்பாள். ஆவுடைக்குக் கூச்சம், ராணி மாதிரி கடைசியாகத்தான் வருவாள் என்று பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள். கூச்சமும் உண்மைதான், அதனால் அதன் பின்னால் மற்றதை ஒளித்துவைப்பது சுலபமாக இருந்தது. அம்மாவிடம் ஒளிக்க முடியாது. எழுந்திருக்க வேண்டிய நேரம் வந்தால் அம்மா தானாக முன்னால் வந்து நிற்பாள், புடவையைச் சரிசெய்கிற சாக்கில் ஆட்களை மறைத்துக்கொண்டு, இடது முழங்கையை மடக்கி விறைப்பாக வைத்துக்கொள்வாள். பிடித்துக்கொள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சென்ற மாதம் இதே கட்டடத்தில் தரைத்தளத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, எழுந்திரும்மா என்று ஒரு பையன் கையில் ஸ்டாப்வாட்சோடு நின்றான். அங்கே முழங்கை கிடையாது. அம்மாவைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது விநாடி. இருபதுக்கு மேல் போனால் சேர்க்க மாட்டார்கள். நடக்க முடிகிறவர்களுக்குத்தான் இந்தச் சோதனை மருந்து, அடுத்த சோதனை எப்போது என்று யாருக்கும் தெரியாது. சென்ற மாதம் பத்தொன்பது. இந்த மாதம் எவ்வளவு? வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்து போனில் விநாடியை ஓடவிட்டாள் ஒரு நாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“எந்தூருங்க?” இந்தப் பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். தோளில் நான்கு வயதுப் பெண்பிள்ளை தூங்கியது. ஆவுடையைத் தாண்டி அம்மாவிடம்தான் கேட்டாள். “சங்கரன்கோயில் பக்கம்” என்றாள் அம்மா. “யாருக்கு?” “மகளுக்கு.” அந்தப் பெண் ஆவுடையை மேலிருந்து கீழே பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லையே என்கிற பார்வை. “எனக்கு இவதான். நிக்கவே மாட்டேங்குறா. சொந்தத்துலயா கட்டுனீங்கன்னு கேட்டாக. ஆமா, அத்த மகனத்தான் கட்டியிருக்கேன், அதுக்கென்ன இப்பன்னேன். நீங்க?” ஆவுடை தன் நகத்தைப் பார்த்தாள். “நாங்க அசலு, சொந்தம் இல்ல” என்றாள் அம்மா. நாக்கு கொஞ்சம்கூட இடறவில்லை. “மாமியா இருக்காகளா?” “இல்ல, போயிச் சேந்துட்டாக. கடையநல்லூர். தங்கமானவுக. ஒரு நாள், ஒரு பொழுது, என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல.” “குடுத்து வச்சவுக” என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். “எனக்கு வாச்சது சொந்த அத்த. பேருதான் அத்த. வாயத் தொறந்தா தெருவே கதவச் சாத்திக்கிரும்.” அம்மா அனுதாபமாகத் தலையாட்டினாள். இல்லாத மாமியாரை வைத்துக்கொண்டு, இருக்கிற மாமியாரிடம் படுகிறவளுக்கு அனுதாபப்படுகிறாளே என்று ஆவுடை நகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். ஒரு சொல்லு சொன்னதில்லையாம். எப்படிச் சொல்லுவாள், அவளுக்கு வாய் வேண்டாமா.

அந்த மாமியார் பிறந்தது பத்து வருஷத்துக்கு முன்னால். ஆவுடைக்கு அப்போது பதினான்கு வயது, சைக்கிளில் ஏறும்போது கால் எழும்பாமல் விழுந்துகொண்டிருந்தாள். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் கேட்டார், அப்பா மறைக்காமல் சொன்னார், எங்க அக்கா மகதான் சார். டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார். பேனா உருண்டு ஓடி விளிம்பில் நின்றது, அது விழுமா விழாதா என்று ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள். “ரத்தத்துக்குள்ளேயே கட்டிக்க வேண்டியது, அப்புறம் பிள்ளையத் தூக்கிட்டு இங்க வந்து அழ வேண்டியது. இத்தனை வருஷமா கத்துறோம், காதுல விழுதா உங்களுக்கு?” கதவு திறந்திருந்தது, வெளியே பத்துப் பேர். பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு போன ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா அசலு என்றாள். அசல் என்றால் வேறு ஊர் வேண்டும், பஸ் ஜன்னலில் பார்த்த ஊராகக் கடையநல்லூர் வந்தது. மாமியார் பெயர் கேட்டார்கள், பேச்சியம்மாள். எப்படி இறந்தார்கள் என்றால், சர்க்கரை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் பேச்சியம்மாளுக்கு ஏதாவது ஒன்று கூடியது. ஒரு இடத்தில் கண்புரை வந்தது. ஒரு இடத்தில், இந்த ஆஸ்பத்திரியில்தான், கொழும்பில் வியாபாரம் பண்ணுகிற ஒரு தம்பி வந்தார். ஆவுடை பி.எஸ்சி. விலங்கியலில், ஆஸ்பத்திரியில் இவர்கள் வரைகிற இதே வம்ச வரைபடத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு வரைந்திருக்கிறாள். வரைபடம் தவறினால் விடை தவறும் என்று அவளுக்குத் தெரியாதா. தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது அம்மா சொல்வது சரியா என்று கேட்டால் தலையாட்டினாள்.

தலையாட்டினதும் பொய்தானே. பதினைந்து எரிந்தது. அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அம்மா டாக்டருக்கு மட்டும் பயந்து சொல்கிற பொய் இல்லை இது. ஒரு தடவை கோபத்தில் ஆச்சிதான் சொன்னாள், உங்கம்மாவுக்கு வாத்தியார் மாப்பிள்ளை வந்துச்சு, இவ ரெண்டு நாள் பட்டினி கிடந்தா, கட்டுனா எங்க மாமாவத்தான் கட்டுவேன்னு. யாரும் கட்டிவைக்கவில்லை. அம்மாவேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆசைப்பட்டு. அந்த ஆசையை ஆவுடை பார்த்திருக்கிறாள். அப்பா தறியிலிருந்து வருகிற நேரத்துக்கு அம்மா முகம் கழுவிக்கொள்வாள், மாமா வந்தாச்சு என்று யாருமில்லாத அறையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். உண்மையைச் சொன்னால், அந்த முகம் கழுவினதையும் சேர்த்து எடுத்து மேஜைமேல் வைத்து, இதனால்தான் என்று காட்டின மாதிரி ஆகும். உன் ஆசைதான் என் காலில் இருக்கிறது. அப்படி யாரும் சொல்லவில்லை. ஆவுடை நினைத்ததுகூட இல்லை. நினைத்ததே இல்லையா? பதினாறு வயதில், பள்ளிக்கூட மாடிப்படியில், கைப்பிடிச் சுவர் முடிந்துபோன இடத்தில், ஒரு தடவை நினைத்தாள். ஒரே ஒரு தடவை. அது அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது.

“தண்ணி குடிக்கியாட்டி?” “வேண்டாம்மா.” குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அது எப்படிப்பட்ட கழிப்பறையோ. வேண்டாம் என்பது இப்போது எல்லாவற்றுக்கும் வாயில் தயாராக இருக்கிறது. அங்கேதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. அம்மாவுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனா? பட்டியலில் பெயர் இல்லாமல் போனால், அந்தச் சோதனை மருந்தும் இல்லை. சம்மதப் படிவம் பதினோரு பக்கம், நல்ல தமிழில்தான் இருந்தது, அதனால் இன்னும் பயமாக இருந்தது. ஒரு வைரஸின் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிழையில்லாத ஜீனை வைத்துக் கோடி கோடியாக நரம்பில் ஏற்றுவார்கள். கல்லீரல் வீங்கலாம். எதிர்பாராதவை நேரலாம். நேரலாம் என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். போன தசை திரும்பாது, இருக்கிறது நிக்கும், நிக்கலாம் என்றார் டாக்டர். நிக்கும் என்று சொல்லிவிட்டு ஏன் நிக்கலாம் என்று மாற்றினார்? எல்லாவற்றையும்விட, ஒரே தடவைதான். ஏற்றினதும் உடம்பு அந்த வைரஸை அடையாளம் வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை வாசலிலேயே அடித்து விரட்டிவிடும். ஐந்து வருஷம் கழித்து இதைவிட நல்லது வந்தால் இன்றைக்கு ஏற்றிக்கொண்டவளுக்கு அது கிடையாது. காத்திருக்கலாம். காத்திருந்தால் ஐந்து வருஷம் கழித்து எத்தனை விநாடி? எழுந்திருக்கவே முடியாதவளை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. அப்போ சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தால் கல்லீரல். சேராவிட்டால் மாடிப்படி. மனசு இந்தப் பக்கம் போய் முட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது, அங்கே அம்மா ஃபைல் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் இருக்கிறவரை எதையும் முடிவு பண்ண வேண்டியதில்லை. நான் பயந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது, விதி, சாம்பிள் குழப்பம், லிஸ்ட் முடிந்துபோயிற்று. இத்தனை வருஷமாக அந்த மாமியார் அம்மாவுக்குத்தான் முட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தாள். உள்ளங்கை வியர்த்தது. அதைத் துப்பட்டாவில் துடைத்தாள், ஈரக் கை தொடையில் வழுக்கும். பதினாறு போய்ப் பதினேழு எரிந்தது. பதினாறாம் நம்பர்க்காரர்கள் வரவில்லை போலிருக்கிறது. மணி பதினொன்று பத்து. ஐம்பது நிமிஷம் மீதி இருந்ததே, அதை யார் எடுத்துக்கொண்டது? அம்மா அதற்குள் முன்னால் வந்து நின்று முழங்கையை மடக்கியிருந்தாள்.

உள்ளே ஏ.சி. குளிர். மெர்லின் மேடம் மேஜைமேல் பெரிய தாளை விரித்து வைத்திருந்தார், கட்டங்களும் வட்டங்களும் பென்சிலில். “உக்காருங்கம்மா. நேரே விஷயத்துக்கு வந்துருவோம், என்ன? ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம். இது ஆவுடை. இது நீங்க. இந்தப் பக்கம் உங்கம்மா, உங்கம்மாவைப் பெத்த அம்மா வெள்ளத்தாய், சரியா? இந்தப் பக்கம் உங்க வீட்டுக்காரர். அவங்கம்மா பேச்சியம்மாள், கடையநல்லூர். இந்தப் பக்கத்துலதான் எனக்கு ஒரு ஆள் வேணும்.” “அங்க யாரும் இல்லம்மா” என்றாள் அம்மா. “உங்க வீட்டுக்காரர்கூடப் பிறந்தவங்க?” “அவுக ஒத்தைக்கு ஒத்தப் பிள்ள.” மெர்லின் மேடம் பென்சிலால் தாளைத் தட்டினார். அவருக்குத் தெரியுமோ, எத்தனை குடும்பம் பார்த்திருப்பார், தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ என்று ஆவுடைக்குக் காது சூடாயிற்று. “பேச்சியம்மாளுக்குத் தம்பி ஒருத்தர் கொழும்புல இருக்கார்னு போன தடவை சொன்னீங்களே. அவராவது ஒரு லேப்ல ரத்தம் குடுத்து அனுப்பலாமே.” அம்மா ஒரு கணம் முழித்தாள். “அவரும் போயிட்டாரும்மா.” “அச்சச்சோ. எப்போ?” “போன மாசம்” என்றாள் அம்மா, குரல் தழுதழுத்தது, நிஜமாகவே தழுதழுத்தது, அது யாருக்காக என்று ஆவுடைக்குத் தெரிந்தது. மெர்லின் மேடம் பென்சிலைத் தாளின்மேல் கிடத்தினார். “அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா.” அவ்வளவுதான். முடிந்தது. இப்போது எழுந்து போய்விடலாம், பஸ் பிடித்தால் சாயங்காலம் வீடு. கல்லீரல் இல்லை, பதினோரு பக்கம் இல்லை, யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஆவுடை எழுந்திருப்பதற்காக நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள். பாதங்களை அகட்டி வைத்தாள். கையைத் தொடையில் ஊன்றினாள். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை. தொடை இருக்கிறது, கை அதன்மேல் இருக்கிறது, ஆனால் அங்கே சொல்கிற சொல்லைக் கேட்க ஆள் இல்லாத மாதிரி இருந்தது. இன்னொரு தடவை. இல்லை. “அப்பிடி ஒருத்தங்க இல்ல மேடம்” என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்காத குரல். “யாரு, கொழும்புத் தம்பியா?” “பேச்சியம்மாளே இல்ல மேடம்.”

ஏ.சி. ஒரு தடவை நின்று மறுபடி ஓடத் தொடங்கியது. மெர்லின் மேடம் தாளைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆவுடை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். ஃபைல் நாடாவில் விரல் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றது, நகக்கண் வெளுத்திருந்தது. திருநெல்வேலி டாக்டர் மாதிரி இங்கே யாரும் கத்தவில்லை, பேனா உருளவில்லை, யாரும் வெளியே இருந்து எட்டிப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அம்மா என்று கூப்பிட நினைத்தாள்.

அம்மா விரலிலிருந்து நாடாவைக் கழற்றினாள். தாளில் கிடந்த பென்சிலை எடுத்து, திருப்பிப் பிடித்து, அதன் முனையிலிருந்த ரப்பரால் முதலில் கடையநல்லூரை அழித்தாள், பிறகு பேச்சியம்மாளை அழித்தாள். துகளை ஊதிவிட்டாள். அந்த வட்டத்துக்குள், எழுத்தெழுத்தாக அழுத்தி, வெள்ளத்தாய் என்று எழுதினாள்.